பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே: அமெரிக்காவில் இரட்டைப் பதிவின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான நான்கு ஆண்டுப் படிப்பு உயர்நிலைப் பள்ளிப் படிப்பு எனப்படுகிறது. அதை முடித்துச் சான்றிதழ் பெற்ற பின்னரே கல்லூரி என்பது அங்குள்ள பொது வழக்கு. ஆயினும் இன்று அந்நாட்டுப் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களில் பெருந்தொகையினர், பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கும்போதே அருகிலுள்ள கல்லூரியொன்றின் பதிவேட்டிலும் பெயர் எழுதிக்கொண்டு, அக்கல்லூரியின் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தையோ கணிதத்தையோ வரலாற்றையோ படித்து, பள்ளித் தேர்ச்சிக்கும் பட்டப் படிப்புக்கும் ஒருசேரக் கணக்கில் கொள்ளப்படும் 'கிரெடிட்'டுகளை ஈட்டுகின்றனர். கிரெடிட் என்பது ஒரு பாடத்தில் மாணவன் செலவிட்ட வகுப்பு நேரத்தை அடிப்படையாகக் கொண்டு கல்லூரி வழங்கும் அலகு. ஒரு பருவம் முழுவதும் வாரத்துக்கு மூன்று மணி நேரம் நடக்கும் பாடம் வழக்கமாக மூன்று கிரெடிட் பெறும், ஏறத்தாழ 120 கிரெடிட் சேர்ந்தால் இளங்கலைப் பட்டம் கிடைக்கும். பள்ளியில் இருந்தபடியே அவ்வலகுகளைச் சேர்க்கும் இம்முறைக்கு இரட்டைப் பதிவு என்று பெயர்.

இம்முறையைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் தோன்றிய ஒரு சீர்திருத்தமாகவே பலரும் விவரிக்கின்றனர். அவ்விவரிப்பு முழுமையானதன்று, ஏனெனில் பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும் கோடே அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அழுத்தமாக வரையப்பட்டது, அதை வரைந்ததில் கல்வியாளர்களுக்கு இருந்த பங்குக்குச் சற்றும் குறையாத பங்கு கணக்குப் பதிவேடுகளுக்கும் இருந்தது. கோடு வரையப்பட்ட நாள் முதலே அதைத் தாண்ட வழி தேடியவர்களும் இருந்தனர். அவ்வழிகள் எவருக்காகத் திறக்கப்பட்டன என்பது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. ஆனால் பள்ளியில் நடந்த பாடம் கல்லூரித் தரமுடையது என்று எவர் சான்றளிப்பது, அதற்கான செலவை எவர் ஏற்பது என்னும் இரண்டு வினாக்களும் மாறவேயில்லை.

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஹார்வர்டு போன்ற கல்லூரிகளில் சேர்வதற்கு வயதோ வகுப்போ அளவுகோலாக இருக்கவில்லை. லத்தீனும் ஓரளவு கிரேக்கமும் படித்துக் காட்டத் தெரிந்தவன் சேர்க்கப்பட்டான். பிற்காலத்தில் புகழ்பெற்ற சமயவாதியான காட்டன் மாதர் பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே ஹார்வர்டில் சேர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்குப் பகுதிகளில் புதிய கல்லூரிகள் பெருகியபோது, அங்கெல்லாம் மாணவர்களைத் தயார்செய்து அனுப்பும் பள்ளிகள் போதிய அளவில் இல்லாமையால், கல்லூரிகளே தமக்குள் ஒரு தயாரிப்புப் பிரிவை நடத்தின. பல கல்லூரிகளில் பட்டப் படிப்பு மாணவர்களைவிட இப்பிரிவின் சிறுவர்களே மிகுதி. அவர்களை இன்று எப்பக்கத்தில் சேர்ப்பது என்று கேட்டால் விடை கூறுவது கடினம். அக்காலத்தில் அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் பொது உயர்நிலைப் பள்ளிகள் பரவியதும் நிலைமை மாறியது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1871 முதல் தன் பேராசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்து, தகுதியுடையவை என ஏற்கப்பட்ட பள்ளிகளின் மாணவர்களை நுழைவுத் தேர்வின்றிச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ஃபோல்வெல், பட்டப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் உண்மையில் இடைநிலைக் கல்வியைச் சேர்ந்தவை, அவற்றைப் பள்ளிகளிடமே ஒப்படைத்துவிட்டுப் பல்கலைக்கழகம் மேற்படிப்பில் நிலைகொள்ள வேண்டும் என்று 1869ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையிலேயே வாதிட்டார். ஜெர்மனியின் ஜிம்னாசியம் என்னும் பள்ளி அமைப்பு அவர் போன்றோரின் மனத்தில் இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அதே கருத்துடையவராய், பட்டப் படிப்பின் நான்கு ஆண்டுகளைக் கீழ்க் கல்லூரி, மேல் கல்லூரி என இரண்டாகப் பிரித்தார். கீழ்ப்பகுதியை முடித்தவர்களுக்கு 1900 முதல் துணைப்பட்டம் ஒன்றும் வழங்கப்பட்டது. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகர உயர்நிலைப் பள்ளியை நடத்திய ஜே. ஸ்டான்லி பிரவுன், ஹார்ப்பருடன் கலந்து, பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே கல்லூரி நிலைப் பாடங்களை 1901இல் ஆறு மாணவர்களுடன் தொடங்கினார். இன்றைய ஜோலியட் ஜூனியர் கல்லூரியின் தொடக்கம் அதுவே. இரண்டாண்டுப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகளுள் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. இரட்டைப் பதிவின் பெரும்பகுதியை இன்று நடத்திவரும் சமுதாயக் கல்லூரிகள், அதாவது உள்ளூர் மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் இரண்டாண்டுப் படிப்பு வழங்கும் கல்லூரிகள், இவ்வாறு ஓர் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறையிலிருந்து கிளைத்தவை என்பது இந்த வரலாற்றில் மறக்கத் தகாத செய்தி.

கோட்டை அழுத்தி வரைந்தது, எவரும் எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வந்த பணம். எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, முதுமையில் வறுமையுறும் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்காக 1905இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். அதை நிர்வகிக்க ஹென்றி பிரிச்செட் தலைமையில் அமைந்த அறக்கட்டளைக்கு முதலில் ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டியிருந்தது: கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்ட நூற்றுக்கணக்கான நிறுவனங்களுள் எவை உண்மையில் கல்லூரிகள்? குறைந்தது ஆறு முழுநேரப் பேராசிரியர்கள் இருக்க வேண்டும், நான்காண்டுப் படிப்பு நடக்க வேண்டும், சேரும் மாணவன் நான்கு ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்று அது விதித்தது. நான்கு ஆண்டுப் படிப்பை அளப்பதற்கு, ஒரு பாடத்தை ஓராண்டில் ஏறத்தாழ 120 மணி நேரம் படிப்பதை ஓர் அலகாகக் கொண்டு, அத்தகைய 14 அலகுகளைச் சேர்க்கைக்குரிய குறைந்தபட்சமாக நிர்ணயித்தது. கார்னெகி அலகு என்று இன்றுவரை வழங்குவது இதுவே. ஓய்வூதியத்தை இழக்க விரும்பாத கல்லூரிகள் இவ்விதிகளை ஏற்று, தயாரிப்புப் பிரிவுகளை மூடின, அல்லது தனிப் பள்ளிகளாகப் பிரித்தன. மாணவன் என்ன கற்றான் என்பதைவிட எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தான் என்பதைக் கணக்கிடும் வழக்கம் இவ்வாறு நிலைபெற்றது. ஒரே பாடத்தின் மணி நேரத்தைப் பள்ளிக் கணக்கிலும் கல்லூரிக் கணக்கிலும் இருமுறை எழுதிக்கொள்ளலாம் என்னும் பிற்கால எண்ணத்துக்கும், அவ்வாறு எழுதுவது முறையா என்னும் பிற்காலப் பூசலுக்கும் இந்த அளவையே இடமளித்தது.

பதினாறு, பதினேழு வயதின் கல்வி எங்கே நடக்க வேண்டும் என்பதில் இயற்கையான விடை எதுவும் இல்லை என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்கள் தம் அனுபவத்திலேயே அறிவர்: எஸ்.எஸ்.எல்.சி. முடித்த மாணவன் முன்பு இன்டர்மீடியட்டுக்கும் பிறகு பி.யூ.சி.க்கும் கல்லூரி வாயிலில் நுழைந்தான். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்த பின் அதே வயதினர் பள்ளிச் சீருடையிலேயே தொடர்ந்தனர். தமிழ்நாட்டில் அரசு ஆணை ஒன்றினால் மொத்தமாக இடம் மாறிய ஆண்டுகள், அமெரிக்காவில் மாணவன் மாணவனாக, பாடம் பாடமாகப் பேரம் பேசப்பட்டன.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவேயுள்ள கோட்டை நகர்த்தும் முதல் பெரும் முயற்சியை மேற்கொண்டவர் ராபர்ட் மேனார்டு ஹட்சின்ஸ். 1929இல் முப்பது வயதில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைமையை ஏற்ற அவர், உயர்நிலைப் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளும் கல்லூரியின் முதல் இரண்டு ஆண்டுகளும் பெரும்பாலும் ஒரே பாடங்களைத் திரும்பச் சொல்கின்றன, அவை நான்கையும் இணைத்துப் பொதுக் கல்வியாக்க வேண்டும் என்று கருதினார். அதன்படி 1937இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்க்கும் நான்காண்டுத் திட்டம் தொடங்கியது. 1942இல் அத்திட்டத்தை முடிப்பவருக்கே இளங்கலைப் பட்டம் என்று முடிவாயிற்று. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 1943இல் பதினைந்து வயதில் இத்திட்டத்தின் வழியாகவே சிகாகோவில் சேர்ந்தார். மற்றப் பல்கலைக்கழகங்களோ பதினெட்டு வயதில் பெற்ற அப்பட்டத்தை ஐயத்துடன் நோக்கின. ஹட்சின்ஸ் 1951இல் விலகியபின், அடுத்த சில ஆண்டுகளுக்குள் சிகாகோ வழக்கமான பாதைக்குத் திரும்பிவிட்டது. தன் பட்டத்துக்குத் தானே சான்றளிக்கும் ஒரு பல்கலைக்கழகம், எவ்வளவு பெரியதாயினும், தனித்து நின்று கோட்டை நகர்த்த இயலாது என்பது அப்போது புலப்பட்டது.

போர்க்காலத் தேவை மற்றொரு வழியைத் திறந்தது. இரண்டாம் உலகப் போரில் இளைஞர்கள் படையில் சேர்க்கப்பட்டதால் மாணவர் எண்ணிக்கை சரிந்தபோது, கறுப்பின ஆண்களுக்கான கல்வி நிறுவனமான அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி, நுழைவுத் தேர்வில் தேறிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்பே சேர்த்துக்கொண்டது. மார்ட்டின் லூதர் கிங் 1944இல் பதினைந்து வயதில் அங்கு சேர்ந்தது அவ்வாறுதான். கொரியப் போர் மூண்ட பின் 1951இல், ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தில் இயங்கிய கல்வி முன்னேற்ற நிதியம், கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்படுமுன் இளைஞர்கள் இரண்டு ஆண்டாவது கல்லூரியில் பயிலட்டும் என்ற நோக்குடன், பதினாறரை வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உதவித்தொகை அளித்து சிகாகோ, கொலம்பியா, விஸ்கான்சின், யேல் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களில் சேர்த்தது. பின்னர் மோர்ஹவுஸ், ஃபிஸ்க், ஓபர்லின் உள்ளிட்டவை சேரப் பங்கேற்ற கல்லூரிகள் பன்னிரண்டாயின. இளம் வயதில் சேர்ந்தவர்கள் படிப்பில் மூத்த தோழர்களுக்குப் பின்தங்கவில்லை, பல இடங்களில் முந்தினர் என்று நிதியம் 1957இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. இருந்தும் திட்டம் வேரூன்றவில்லை. தம்முடைய தலைசிறந்த மாணவர்களைக் கல்லூரிகள் கொத்திக்கொண்டு போவதாகப் பள்ளித் தலைமையாசிரியர்கள் குறைபட்டனர். அக்குறையில் நியாயம் இல்லாமலில்லை.

அதே நிதியத்தின் ஆதரவில் உருவான மற்றொரு திட்டம் வென்றதற்குக் காரணம், அது மாணவனைப் பள்ளியிலேயே விட்டுவைத்ததுதான். கென்யன் கல்லூரித் தலைவர் கோர்டன் சால்மர்ஸ் முன்னின்று உருவாக்கிய அத்திட்டத்தில், பள்ளி ஆசிரியர் கல்லூரி நிலைப் பாடத்தைப் பள்ளியிலேயே நடத்துவார். ஆண்டு இறுதியில் நாடு முழுவதற்கும் பொதுவான வெளித் தேர்வு நடக்கும். அதில் பெறும் ஒன்று முதல் ஐந்து வரையிலான மதிப்பீட்டைக் கண்டு, மாணவன் பின்னாளில் சேரும் கல்லூரி கிரெடிட் தரும் அல்லது மறுக்கும். நுழைவுத் தேர்வுகளை நடத்திவந்த கல்லூரி வாரியம் 1955இல் இதை ஏற்று, 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற பெயரில் 1956இல் முதல் தேர்வுகளை நடத்தியபோது எழுதியவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். ஆண்டோவர், எக்சிட்டர் போன்ற செல்வர் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வும் இதன் பின்னணியில் இருந்தது என்பதிலிருந்தே, இது யாரை மனத்தில் கொண்டு எழுந்தது என்பது விளங்கும். இங்கே சான்றளித்தது தேர்வு. ஆசிரியரை எவரும் நம்ப வேண்டிய தேவை எழவில்லை.

ஆசிரியரை நம்பும் வழியும் அதே காலத்தில் தொடங்கிற்று. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இல், பள்ளி ஆசிரியர்களைத் தன் துறைகளின் ஒப்புதலுடன் நியமித்து, தன் பாடத்திட்டத்தைப் பள்ளிகளிலேயே நடத்தச் செய்து, தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தானே கிரெடிட் வழங்கியது. இரட்டைப் பதிவின் இன்றைய பொது வடிவம் இதுவே. நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பகுதிக் கல்வி அதிகாரிகள், பன்னிரண்டாம் வகுப்பின் பிற்பாதியில் மாணவர்கள் படிப்பில் பற்றற்றுத் திரிகிறார்கள் என்று முறையிட்டதன் பேரில், சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1972இல் தன் முதலாண்டுப் பாடங்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை வகுத்தது. எலிசபெத் பிளாட்ஜெட் ஹால் என்னும் பெண் கல்வியாளரோ பள்ளியும் வேண்டாம், பழைய கல்லூரியும் வேண்டாம் என்று, பதினாறு வயதினருக்கென்றே சைமன்ஸ் ராக் என்னும் கல்லூரியை மாசசூசெட்ஸின் கிரேட் பாரிங்டனில் நிறுவினார். 1966இல் பெண்களுக்கான கல்லூரியாகத் திறக்கப்பட்டு, 1979இல் பார்டு கல்லூரியுடன் இணைந்த அது, பல்லாண்டுகள் இத்துறையின் தனிப்பெரும் சோதனையாக விளங்கியது.

இதுவரை கண்ட முயற்சிகள் யாவும் மிகத் திறமையுடைய மாணவனைக் கருதியவை. அந்த நோக்கைத் தலைகீழாக்கியவர் நியூயார்க் நகரில் குவீன்ஸ் பகுதியின் லாகார்டியா சமுதாயக் கல்லூரியில் பணியாற்றிய ஜேனட் லீபர்மன். தொழிற்சாலைகள் சூழ்ந்த லாங் ஐலண்ட் சிட்டியில் 1971இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரிக்கு வந்தவர்களுள் பலர் பள்ளிப் படிப்பில் தேறாத அடிப்படைகளுடனேயே வந்தனர்; அவர்களைப் போன்ற இன்னும் பலர் கல்லூரிக்கு வருமுன்னரே பள்ளியை விட்டு நின்றுவிட்டனர். கல்லூரியில் செலவிடும் சீர்செய்யும் உழைப்பைப் பள்ளி வயதிலேயே செலவிட்டால் என்ன என்று எண்ணிய லீபர்மன், 1974இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே மிடில் காலேஜ் உயர்நிலைப் பள்ளியை நிறுவினார். பள்ளிக்கு ஒழுங்காக வராத, இடைநிற்கக்கூடியவர்கள் எனக் கருதப்பட்ட மாணவர்களே அதில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் கல்லூரியின் நூலகத்தையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் உணவகத்தையும் பயன்படுத்தினர். வேலையிடப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். இயன்றவர்கள் கல்லூரி வகுப்புகளில் அமர்ந்தனர். தன்னைவிடச் சில ஆண்டுகளே மூத்த, ஆனால் பொறுப்புடன் படிக்கும் மாணவர்களின் நடுவே நாள்தோறும் நடமாடுவதே ஒருவனுடைய நடத்தையை மாற்றும் என்பது லீபர்மனின் அடிப்படைக் கருத்து. கல்லூரிப் பாடம் பரிசாகவோ விரைவுப் பாதையாகவோ அன்றி, பள்ளியில் தங்கவைக்கும் பிடிப்பாக முதன்முதலில் கருதப்பட்டது இங்கேதான். இந்த வரலாற்றில் இதைவிடத் துணிவான எண்ணத்தை எவரும் முன்வைத்ததாகக் கூற முடியாது.

ஆயினும் எண்ணிக்கையைப் பெருக்கியது எண்ணமன்று, சட்டம். மினசோட்டா மாநிலத்தின் ஆளுநர் ரூடி பெர்பிச் (அந்நாட்டில் ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில நிர்வாகத் தலைவர்), பெற்றோர் தாம் விரும்பும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்று 1985இல் முன்வைத்த கல்வித் திட்டம் சட்டமன்றத்தில் பெரும்பகுதி தோற்றது. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் அவைத் தலைவர்களுள் ஒருவரான கோனி லீவியின் முயற்சியால் அதிலிருந்து தப்பிப் பிழைத்த பகுதி, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் மாநிலத்தின் கல்லூரிகளில் இலவசமாகப் பாடம் படிக்கலாம் என்பது. கட்டணமும் புத்தகச் செலவும் மாநில அரசினுடையவை. ஆனால் அத்தொகை, அம்மாணவனுக்காகப் பள்ளி மாவட்டத்துக்கு வழங்கும் மானியத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படும். பள்ளி மாவட்டம் என்பது உள்ளூர்ச் சொத்துவரியையும் மாநில மானியத்தையும் கொண்டு பள்ளிகளை நடத்தும், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுடைய தனி ஆட்சியமைப்பு. மாணவன் கல்லூரிக்குப் போனால் பணமும் கூடவே போகும் என்ற விதி அந்த மாவட்டங்களுக்கு இடியாக விழுந்தது. ஆசிரியர் சங்கங்களும் பள்ளிக் குழுக்களும் கடுமையாக எதிர்த்தன. சமயச் சார்புள்ள கல்லூரிகளுக்கு இந்தப் பொதுப்பணம் போகலாமா என்று வழக்கும் நடந்தது. சட்டம் நிலைத்தது. எதிர்பாராத விளைவு ஒன்றும் தொடர்ந்தது: மாணவனை இழக்க விரும்பாத பள்ளிகள், கல்லூரி நிலைப் பாடங்களைத் தம் கட்டடத்துக்குள்ளேயே கூடுதலாக நடத்த முன்வந்தன, மினசோட்டா பல்கலைக்கழகமும் 1986 முதல் தன் பாடங்களைப் பள்ளி ஆசிரியர்கள் வாயிலாக நடத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஃபோல்வெல் 1869இல் கேட்டதில் ஒரு பகுதி, அவர் நினைத்தும் பார்த்திராத காரணத்தால், அவருடைய மாநிலத்திலேயே நிறைவேறிற்று.

வாஷிங்டன் மாநிலம் 1990இல் ரன்னிங் ஸ்டார்ட் என்ற பெயரில் இதையொத்த சட்டத்தை இயற்றியது. மற்ற மாநிலங்கள் தத்தம் நிதிவிதிகளுடன் பின்தொடர்ந்தன. இவ்விதிகளில் ஒற்றுமை மிகக் குறைவு. சில மாநிலங்களில் மாணவனுக்குச் செலவே இல்லை, சிலவற்றில் பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டும். கல்லூரியிலிருந்து தொலைவிலுள்ள கிராமப்புறப் பள்ளிகளில் பாடம் பள்ளி ஆசிரியராலேயே நடத்தப்படுவதால், சான்றளிக்கும் வினா மீண்டும் எழுந்தது. அதற்கு விடை காண 1999இல் தோன்றிய தேசியக் கூட்டமைப்பு, இத்திட்டங்களை நடத்தும் கல்லூரிகளுக்கு அங்கீகார நெறிகளை வகுத்தது. நடுமேற்கு மாநிலங்களின் கல்லூரிகளை அங்கீகரிக்கும் உயர்கல்வி ஆணையம், கல்லூரிப் பாடம் நடத்துபவர் அத்துறையில் முதுகலைப் பட்டமோ, வேறு துறை முதுகலைப் பட்டத்துடன் அத்துறையில் குறைந்தது 18 முதுகலை கிரெடிட்டோ பெற்றிருக்க வேண்டும் என்பது பள்ளியில் நடத்துபவருக்கும் பொருந்தும் என 2015இல் தெளிவுபடுத்தியபோது, பல்லாண்டுகளாக அப்பாடங்களை நடத்திவந்த ஆசிரியர்கள் பலர் தகுதியிழக்கும் நிலை எழுந்தது. விதி நடைமுறைக்கு வர அவகாசம் நீட்டப்பட்டது. மாணவன் படித்த மாநிலத்தின் அரசுக் கல்லூரிகள் இரட்டைப் பதிவில் ஈட்டிய கிரெடிட்டுகளைப் பொதுவாக ஏற்கின்றன; போட்டி மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும், பள்ளித் தேர்ச்சிக்கு ஏற்கெனவே கணக்கிடப்பட்ட பாடத்தை மீண்டும் கணக்கிட முடியாது என்று மறுக்கின்றன. கார்னெகி காலத்துக் கணக்கின் நிழல் இன்னும் விலகவில்லை.

லீபர்மனின் எண்ணம் மறுபிறவி எடுத்தது 2002இல். அவ்வாண்டு கேட்ஸ் அறக்கட்டளை பெரும் நிதியளித்துத் தொடங்கிய முன்கல்லூரி உயர்நிலைப் பள்ளித் திட்டம், வறிய குடும்பத்து மாணவர்களும் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்போரும் பள்ளிச் சான்றிதழுடன் இரண்டாண்டுத் துணைப்பட்டத்தையும், அல்லது அதற்கு நெருங்கிய கிரெடிட்டுகளையும், கட்டணமின்றிப் பெறும் பள்ளிகளை நாடெங்கும் நிறுவியது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுதியாக இருந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் சேர்க்கை நடந்தமையால், இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிட்டு ஆராயும் அரிய வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிட்டியது; இடம் பெற்றவர்கள் கல்லூரியில் சேர்வதிலும் பட்டம் பெறுவதிலும் முன்னிற்பதை அவ்வாய்வுகள் காட்டின. கல்விச் சீர்திருத்தங்களுள் இவ்வளவு உறுதியான சான்றுடையவை அதிகமில்லை. ஆனால் இரட்டைப் பதிவில் உள்ளோருள் மிகப் பெரும்பாலோர் இத்தகைய பள்ளிகளில் இல்லை. சாதாரணப் பள்ளியிலிருந்து ஓரிரு பாடம் மட்டும் எடுப்பவர்கள் அவர்கள், அக்கூட்டத்தில் கறுப்பின, ஹிஸ்பானிய, வறிய மாணவர்களின் பங்கு பள்ளி மாணவர் தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிடக் குறைவு.

பள்ளி மாணவர்களைத் தனித்து எண்ணும்படி கூட்டாட்சி அரசு கல்லூரிகளைப் பணித்த பின் 2022–23ஆம் கல்வியாண்டுக்கு வெளியான முதல் விவரங்களின்படி, ஏறத்தாழ 25 லட்சம் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடம் படித்தனர். சமுதாயக் கல்லூரிகளின் மாணவர் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அவர்களே. 2010க்குப் பின் வயதுவந்த மாணவர்களின் வருகை சரிந்துவந்த அக்கல்லூரிகளுக்கு, பள்ளி மாணவர்கள் வருவது வாழ்வாதாரமாகவே மாறியுள்ளது. டெக்சாஸ் மாநிலம் 2006இல், ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் மாணவர்கள் குறைந்தது 12 கல்லூரி கிரெடிட் ஈட்ட வழிசெய்ய வேண்டும் என்று சட்டமியற்றியது. 2023இல் அம்மாநிலம் சமுதாயக் கல்லூரிகளுக்கான மானியத்தை மாற்றியமைத்தபோது, வறிய மாணவர்களுக்கு இரட்டைப் பதிவு வகுப்புகள் கட்டணமின்றிக் கிடைக்க வகைசெய்ததுடன், பட்டயமும் பட்டமும் பெற்று வெளியேறுவோருக்காகக் கல்லூரிக்கு வழங்கும் தொகையோடு, குறைந்தது 15 கிரெடிட்டை ஈட்டிய ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளி மாணவனுக்காகவும் ஒரு தொகையைச் சேர்த்தது.